மாவும் மையும்: நகரத்துக் காற்றில் எந்தத் தூசி எங்கே பிறக்கிறது

அரிசியை இடித்து எத்தனை முறை சலித்தாலும் மாவில் கொஞ்சம் நறநறப்பு மிஞ்சும். விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த கண்மையில் அது இருக்காது; தொட்டால் விரல் ரேகைக்குள் இறங்கிவிடும். மாவு பெரியதை உடைத்து வந்தது. மை, ஆவியாக இருந்து குளிர்ந்து திரண்டது. நகரக் காற்றில் மிதக்கும் துகள்களையும் முதலில் இப்படிப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். உடைந்தும் தேய்ந்தும் வந்தவை பருந்துகள்கள், அதாவது பருமனான துகள்கள். எரிந்து வந்தவை நுண்துகள்கள். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அது வாயுவாகக் கிளம்பி, போகிற வழியில் துகளாக மாறுவது. நகரத்துக்கு அதிகத் தொல்லை தருவது பல நாட்களில் அதுதான்.

இந்தக் கட்டுரைக்குச் சென்னையை எடுத்துக்கொள்வோம். கடல், துறைமுகம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, குப்பைக்கிடங்கு, நெரிசல் சாலை எல்லாமே ஒரே நகரத்துக்குள் கிடைப்பதால் விளக்குவதற்கு வசதி.

அளவு என்றால் எந்த அளவு?

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். பிஎம் 10 என்பது 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள் எல்லாவற்றின் எடை, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கில். பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானுக்குக் கீழ் உள்ளவற்றின் எடை. ஆக, பிஎம் 10க்குள்ளேயே பிஎம் 2.5 அடக்கம். இரண்டையும் கூட்டிப் பார்ப்பது புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் முதல் தவறு. கழிக்கத்தான் வேண்டும். கழித்தால் கிடைப்பது 2.5க்கும் 10க்கும் இடைப்பட்ட பருந்துகள். அந்த எண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு.

இங்கே ‘அளவு’ என்பது அளவுகோல் வைத்துப் பார்த்த விட்டமும் இல்லை. கல்தூசிக்கு ஒழுங்கான உருவம் கிடையாது, கரித்துகள் திராட்சைக் கொத்துபோல் இருக்கும். அதனால் ஒரு துகள் காற்றில் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்த்து, அதே வேகத்தில் விழும் ஒரு நீர்த்துளியின் விட்டத்தை அதற்குச் சூட்டுகிறார்கள். கல் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால், உண்மையில் 1.6 மைக்ரானே இருக்கும் கல்தூசி 2.5 மைக்ரான் கணக்கில் விழுந்துவிடும். கருவியின் எல்லையும் கத்தியால் வெட்டினாற்போல் இருக்காது. பிஎம் 2.5 கருவி சரியாக 2.5 மைக்ரான் உள்ள துகள்களில் பாதியை உள்ளே விடும், பாதியைத் தடுத்துவிடும்.

விழும் வேகத்தைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் ஒரு துகளின் ஆயுளே அதில்தான் இருக்கிறது. அசையாத காற்றில் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட 50 மைக்ரான் துகளுக்கு முக்கால் நிமிடம்கூட ஆகாது. 10 மைக்ரானுக்குச் சுமார் 17 நிமிடம். 2.5 மைக்ரானுக்கு நான்கு மணி நேரம். ஒரு மைக்ரானுக்கு ஏறக்குறைய ஒரு நாள். 0.3 மைக்ரானுக்கு எட்டு நாள். நகரத்துக் காற்று அசையாமல் இருப்பதே கிடையாது என்பதால், கடைசி வகை தானாகத் தரைக்கு வரும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்.

எடையா, எண்ணிக்கையா?

விட்டம் பத்து மடங்கு கூடினால் எடை ஆயிரம் மடங்கு கூடும். இந்த ஒரு கணக்கு மனதில் தங்கவில்லை என்றால் மேற்கொண்டு படிப்பதெல்லாம் குழப்பும்.

நெரிசல் சாலையோரம் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில், ஒரு லட்சம் புகைத்துகள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 30 நானோமீட்டர், அதாவது 0.03 மைக்ரான். அடர்த்தி தண்ணீரைப் போல. ஒரு கன மீட்டருக்குப் பத்தாயிரம் கோடி துகள்கள் ஆகின்றன. மொத்த எடை எவ்வளவு? வெறும் 1.4 மைக்ரோகிராம். அதே கன மீட்டரில் 10 மைக்ரான் கல்தூசி ஆயிரம் மிதந்தால் அதன் எடையும் அதே 1.4 மைக்ரோகிராம்தான். பத்தாயிரம் கோடியும் ஆயிரமும் தராசில் சமம்.

இந்தியாவின் காற்றுத் தர வரையறை எடையை மட்டுமே பார்க்கிறது. 2009இல் அறிவித்த வரையறையின்படி பிஎம் 10 ஒரு நாள் சராசரி 100, ஆண்டுச் சராசரி 60, பிஎம் 2.5 ஒரு நாளைக்கு 60, ஆண்டுக்கு 40. உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன அளவு இன்னும் கடுமை: பிஎம் 2.5 ஆண்டுச் சராசரி 5. இரண்டிலும் துகள்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. சாலையோர டீக்கடையில் நிற்பவர் மூச்சோடு இழுக்கும் மிக நுண்ணிய புகைத்துகள்கள் அந்த எண்களில் பெரிதாகத் தெரியவே மாட்டா.

உடைந்து பிறப்பவை

கல்லைச் சிறிதாக்கச் சிறிதாக்க அடுத்த உடைப்புக்கு இன்னும் அதிக ஆற்றல் தேவைப்படும், ஏனென்றால் ஒவ்வொரு உடைப்பிலும் புதிய பரப்பு பிறக்கிறது. டயரானாலும் ஜல்லி உடைக்கும் இயந்திரமானாலும் ஒரு மைக்ரானை நெருங்கும்போது தோற்றுப்போகும். அதனால் இடித்தும் தேய்த்தும் பிறக்கும் தூசியின் எடையில் பெரும்பங்கு 2 மைக்ரானுக்கு மேலேயே இருக்கிறது.

இந்த வகையில் தலைமைப் பதவி சாலைப் புழுதிக்கு. அது ஒரே நாளில் பிறந்ததும் இல்லை. தார்ப்பாய் சரியாக மூடாத டிப்பர் லாரி சிந்திய எம்.சாண்ட், கேபிள் பதிக்கத் தோண்டிச் சரியாக மூடாத பள்ளம், நடைபாதை ஓரம் ஒதுங்கிய மழைநீர் வண்டல் எல்லாம் டயருக்கு அடியில் மறுபடி மறுபடி அரைபட்டு எழும்புவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தார்ச்சாலைப் புழுதியைக் கணிக்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. அதற்கு வேண்டியவை இரண்டே எண்கள். ஒரு சதுர மீட்டர் சாலையில் கிடக்கும் தூசியில் 75 மைக்ரான் சல்லடையில் இறங்குவது எத்தனை கிராம். சாலையில் ஓடும் வண்டிகளின் சராசரி எடை எத்தனை டன். இரண்டில் எது இரட்டித்தாலும் எழும் புழுதி ஏறக்குறைய இரட்டிக்கும். அந்தச் சூத்திரத்தில் பிஎம் 10க்கான பெருக்கெண் 0.62, பிஎம் 2.5க்கு 0.15. அதாவது சாலைப் புழுதி கிளப்பும் பிஎம் 10இல் கால் பங்கே பிஎம் 2.5. இந்தக் கால் பங்கை நினைவில் வைத்திருங்கள், பின்னால் உதவும்.

புழுதியை அடக்க லாரியில் தண்ணீர் தெளிப்பார்கள். மண்ணை அள்ளாமல் நனைத்தால் வெயில் காய்ந்ததும் அதே மண் அதே இடத்திலிருந்து எழும்பும். உலர்ந்த தெருவை விளக்குமாற்றால் பெருக்குவதும் அப்படியே: கண்ணுக்குத் தெரியும் குப்பை போய்விடும், 10 மைக்ரான் தூசி மேலே ஏறிவிடும். உறிஞ்சும் இயந்திரமோ, நனைத்துவிட்டு அள்ளுவதோதான் பயன் தரும்.

திறந்தவெளியில் கொட்டிவைக்கும் நிலக்கரியும் தாதுவும் இதே ரகம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வதை 2011இல் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரம் பக்கத்து வீடுகளின் சன்னல் விளிம்பில் விரலால் இழுத்தால் ஒட்டிய கருந்தூசி பருந்துகள் வகை. கண்ணில் படுவதால்தான் அதை எதிர்த்து வழக்கு நடத்த முடிந்தது என்றுகூடச் சொல்லலாம். நுண்துகளுக்கு இப்படிச் சாட்சி சொல்லச் சன்னல் விளிம்பு கிடைப்பதில்லை.

பிரேக் கட்டை தேய்ந்து வரும் தூசி பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரானுக்குள் இருக்கும். பிரேக் மிகவும் சூடேறினால் அதோடு ஆவி திரண்ட நுண்துகள்களும் சேரும். டயர்த் தேய்மானம் இன்னும் பெரிது. மின்சார வண்டியில் சைலன்சர் கிடையாது, மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக்கும் குறைவாகத் தேயும். ஆனால் பேட்டரியின் கனத்தால் டயரும் சாலைப் புழுதியும் குறையாது. மின்வண்டி வந்தால் பிஎம் 10 சரசரவென்று இறங்கிவிடும் என்று நம்புபவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

கடலோர நகரத்துக்கு இன்னொரு பருந்துகளும் உண்டு: உப்பு. அலை உடையும்போது நீருக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் மேலே வந்து வெடிக்கும். தெறிக்கும் துளிகள் உலர்ந்து சில மைக்ரான் அளவுள்ள உப்புத்துகள்கள் ஆகும். மெரினாவிலிருந்து காற்று வீசும் நாளில் பிஎம் 10இல் ஒரு பங்கு இதுதான். கடலுக்கு அபராதம் போட முடியாது என்பதால் அறிக்கைகளில் இதைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் உலர்ந்த உப்பு தண்ணீரை இழுத்து மறுபடி துளியாகிவிடும். சென்னையில் விடியற்காலை இது வழக்கமாக நடப்பது. கருவிகள் ஏமாறுவதும் அப்போதுதான்.

எரிந்து பிறப்பவை

சுடருக்குள் காற்று போதாத இடத்தில் எரிபொருள் முழுதாக எரியாமல் கரி உருண்டைகளாகத் திரளும். ஒவ்வொன்றும் 20 முதல் 30 நானோமீட்டர். அவை சங்கிலியாகக் கோத்துக்கொண்டு 60 முதல் 100 நானோமீட்டர் கொத்துகளாகச் சைலன்சரை விட்டு வெளியே வரும். டீசல் புகையின் அடையாளம் இதுவே. வெளியே வந்ததும் சூடான வாயு சட்டென்று குளிர்வதால் எண்ணெய் ஆவியும் கந்தக அமிலமும் தனியே திரண்டு 30 நானோமீட்டருக்கும் சிறிய துளிகள் ஆகும். இவை எடையில் ஒன்றுமே இல்லை, எண்ணிக்கையிலோ பெரும்படை.

இந்தப் படைக்கு ஆயுள் குறைவு. ஒன்றோடொன்றும் பெரிய துகள்களோடும் மோதி ஒட்டிக்கொள்ளும், காற்றில் கலந்து நீர்த்துப்போகும். லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலைகளில் அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வுகளில், சாலையிலிருந்து 300 மீட்டர் தள்ளிப் போனால் மிகநுண் துகள்களின் எண்ணிக்கை சாலைக்குக் காற்று வரும் பக்கத்துச் சாதாரண நிலைக்கு இறங்கிவிட்டது. அதே தூரத்தில் பிஎம் 2.5 எடை பெரிதாக மாறுவதில்லை. வீடு தேடுபவருக்குப் பயன்படும் செய்தி இது: நெடுஞ்சாலை ஓரத்து வீட்டுக்கும் மூன்று தெரு உள்ளே தள்ளிய வீட்டுக்கும் செயலியில் தெரியும் எண் ஒன்றாகவே இருக்கலாம், மூச்சில் போவது ஒன்றாக இருக்காது.

2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையாகும் புது வண்டிகளுக்கு பிஎஸ் 6 என்ற புகை வரம்பு விதி. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. எடை வரம்போடு எண்ணிக்கை வரம்பும் வந்தது: டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு அறுபதாயிரம் கோடி துகள்களுக்கு மேல் வெளியிடக்கூடாது. கேட்கப் பெரிதாக இருந்தாலும், துகள் வடிகட்டி பொருத்தாமல் அதை எட்டுவது டீசல் வண்டிக்குக் கடினம். விதி எண்ணுவது 23 நானோமீட்டருக்கு மேற்பட்ட திடத்துகள்களை மட்டும். வடிகட்டியில் சேரும் கரியைச் சுமார் 600 பாகை வெப்பத்தில் எரித்துத் தீர்க்க வேண்டும். நகரத்துக்குள் நின்று நின்று போகும் வண்டியில் அந்தச் சூடு வருவதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மெக்கானிக்கிடம் சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிட்டால் பிஎஸ் 6 வண்டி பழைய வண்டியாகிவிடும்.

விறகும் குப்பையும் எரிவது வேறு கதை. அங்கே சுடரைவிடக் கனல்தான் அதிகம். ஈர விறகோ ஈரக் குப்பையோ கொழுந்துவிடாமல் புகையும்போது தார் போன்ற ஆவி வெளிப்பட்டு 0.1 முதல் 0.4 மைக்ரான் துளிகளாகத் திரளும். டீசல் கரியைவிடச் சற்றே பெரிது, எடையில் பல மடங்கு. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பல நாட்கள் எரிந்ததே, அது இந்த வகை. மேலே அணைத்தாலும் அடியில் மக்கும் குப்பையிலிருந்து மீத்தேன் வந்துகொண்டே இருப்பதால் கனல் மறுபடி எழும். கொழுந்துவிட்டு எரியும் தீயைவிடப் புகைந்துகொண்டிருக்கும் தீ காற்றுக்குக் கெடுதல்.

போகிக் காலையும் அதே. பழைய பாயும் துணியும் டயரும் மார்கழிக் கடைசி விடியலில் எரியும் நேரம், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, மேலே சூடான காற்று மூடிபோட்டதுபோல் இருக்கும் நேரம். புகை ஏறிப் போக வழி இல்லை. பனிக்காலக் காற்றின் ஈரத்தை 0.3 மைக்ரான் துகள்கள் இழுத்துக்கொண்டு பருக்கும். ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவு என்பதால் ஒளியைச் சிதறடிப்பதில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. சென்னை விமான நிலையத்தில் சில ஆண்டுகளில் போகியன்று விமானங்கள் தாமதமானதற்கு இதுவே காரணம். எடையில் இதே அளவு சாலைப் புழுதி பறந்தாலும் ஓடுபாதை அவ்வளவு மறைந்திருக்காது.

தீபாவளி வெடியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெடியுப்பும் கந்தகமும் கரியும் நொடியில் எரிந்து ஆவியாகி ஒரு மைக்ரானுக்குக் கீழ்த் திரள்கின்றன, பச்சை ஒளிக்குச் சேர்த்த பேரியமும் சிவப்புக்குச் சேர்த்த ஸ்ட்ரான்ஷியமும் கூடவே. 2018 முதல் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அளவைப் பொறுத்தவரை காலை மணிக்கும் இரவு மணிக்கும் ஒரே புகைதான். ஆனால் காலைப் புகையை வெயிலும் கடற்காற்றும் வந்து கலைக்கும், இரவுப் புகை விடியும்வரை தெருவிலேயே படுத்திருக்கும்.

வீட்டுக்குள் எரிவதும் இந்த வகையே. கேஸ் அடுப்பின் நீலச் சுடர் 10 நானோமீட்டருக்கும் சிறிய துகள்களை ஏராளமாகத் தரும். கடுகு தாளிக்கும்போது எண்ணெய் ஆவி திரண்டு வரும் துளிகள் அதைவிடப் பெரியவை. கொசுவர்த்திச் சுருளும் ஊதுபத்தியும் கனலும் ரகம், ஒரு மைக்ரானுக்குக் கீழ். மூடிய அறையில் இரவு முழுக்க எரியும் ஒரு சுருள், வெளியே ஓடும் லாரியைவிட அந்த அறைக்கு முக்கியமான மாசு.

வாயுவாகக் கிளம்பி வழியில் துகளாவது

அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல்மின் நிலையம்போல் நிலக்கரி எரிக்கும் எந்த இடத்திலும் புகைபோக்கியில் இரண்டு வகைச் சரக்கு வரும். ஒன்று உலைச் சாம்பல்: உருகிய கனிமம் குளிர்ந்து உருண்டையானது, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கு மேல். ஆலைக்காரர்கள் இஎஸ்பி என்று சொல்லும் நிலைமின் சாம்பல் பிடிப்பான், நன்றாக ஓடினால் இதில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். தப்புவதில் 0.1 முதல் 1 மைக்ரான்வரை உள்ளவையே அதிகம், அந்த அளவில்தான் கருவிக்குப் பிடி தளரும்.

இன்னொன்று கந்தக டை ஆக்சைடு. அது வாயு, சாம்பல் பிடிப்பான் அதைத் தொடவே தொடாது. வெளியே வந்து, வெயிலிலும் மேகத்துளிக்குள்ளும் மணிக்கணக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்பேட்டாகி, ஏற்கெனவே மிதக்கும் துகள்களின் மேல் படியும். வண்டிகளின் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரேட் ஆவதும், சாணத்திலும் யூரியாவிலும் சாக்கடையிலும் இருந்து வரும் அம்மோனியா இவற்றோடு கூடி உப்பாவதும் இப்படியே. பிறக்கும் துகள்கள் 0.2 முதல் 0.7 மைக்ரான் வட்டத்தில் வந்து குவியும்.

பிளாஸ்டிக் எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடும் அம்மோனியாவோடு சேர்ந்து இதே வேலையைச் செய்யும். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் டெல்லிக் காற்றைப் பற்றி 2021இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே பனிக்காலத்தில் துகள்கள் நீரை இழுத்துப் பருப்பதற்கு இந்தக் குளோரைடு பெரிய காரணம் என்று காட்டியது.

ஏன் எல்லாம் இந்த இடைப்பட்ட அளவில் வந்து சேர்கின்றன? மிகச் சிறியவை மோதி ஒட்டி வளர்ந்து இங்கே வந்துவிடுகின்றன. பெரியவை விழுந்துவிடுகின்றன. இந்த நடுவிலுள்ளவற்றை அகற்ற எதனாலும் முடிவதில்லை. மழைத்துளி விழும்போது 10 மைக்ரான் தூசி அதில் மோதிச் சிக்கும், 20 நானோமீட்டர் துகள் அங்குமிங்கும் துள்ளி ஒட்டும், 0.3 மைக்ரான் துகளோ துளியைச் சுற்றி ஒதுங்கும் காற்றோடு தானும் ஒதுங்கிப் போய்விடும். மூக்கும் மூச்சுக்குழாயும் பெரியவற்றை மோதவிட்டுப் பிடிக்கும், நுரையீரலின் ஆழத்தில் மிகச் சிறியவை ஒட்டிக்கொள்ளும், 0.3 மைக்ரானில் கணிசமான பங்கு உள்ளே போய்த் திரும்பி வெளியே வந்துவிடும். அது மட்டும் நல்ல செய்தி.

இப்படிச் சிக்காத துகள்கள் ஒரு வாரம்கூட மிதக்கும், நாடு தாண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்தபோது இந்தியப் பக்கத்துக் காற்று இலங்கை மேல் இழுபட்டு, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் காற்று மங்கியது. டிசம்பர் 9 அன்று அங்கே பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அத்தனை தூரம் சாலைப் புழுதியால் போயிருக்க முடியாது.

எண்களைப் பார்த்து மூலத்தை ஊகிப்பது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் மணிக்கொரு தரம் அளவீடு கிடைக்கும். சென்னையில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, கொடுங்கையூர், அரும்பாக்கம், பெருங்குடி, ராயபுரம் போன்ற இடங்களில் நிலையங்கள் உண்டு. பிஎம் 10, பிஎம் 2.5 இரண்டையும் ஒரே இடத்தில் அளக்கும் நிலையமாகப் பாருங்கள். காற்றுத் தரக் குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோகிராம் எண்ணை எடுங்கள். பிஎம் 2.5ஐ பிஎம் 10ஆல் வகுங்கள்.

0.35க்குக் கீழே என்றால் புழுதியின் கை ஓங்கியிருக்கிறது. சுத்தமான சாலைப் புழுதி என்றால் கால் பங்கு என்று மேலே பார்த்தோம் அல்லவா? 0.6க்கு மேலே என்றால் எரிப்பும் வாயுவிலிருந்து திரண்டதும். நடுவில் இருந்தால் கலவை. கறாரான எல்லை என்று இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், கைக்கணக்குதான்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு இடங்களிலும் ஒரு நாள் சராசரி பிஎம் 10, 140. ஒன்றில் பிஎம் 2.5 42, விகிதம் 0.3. இன்னொன்றில் 98, விகிதம் 0.7. முதல் இடத்தில் காற்றுத் தரக் குறியீடு பிஎம் 10ஆல் 127 அளவில் நிற்கும், ‘மிதம்’. இரண்டாவது இடத்தில் பிஎம் 2.5ஆல் 225ஐ ஒட்டி ஏறும், ‘மோசம்’. முதல் இடத்துக்குத் தேவை மண் அள்ளும் வண்டி. இரண்டாவது இடத்தில் அந்த வண்டியை எத்தனை முறை ஓட்டினாலும் எண் அசையாது. 2019இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டத்தில் நகரங்களின் முன்னேற்றத்தை நடைமுறையில் பிஎம் 10ஐ வைத்தே மதிப்பிடுகிறார்கள். அதனால் தண்ணீர் லாரிக்குச் செலவழிப்பது எளிதாகவும், குப்பை எரிப்பையும் கந்தகத்தையும் தொடுவது கடினமாகவும் ஆகிவிட்டது.

ஒரு நாள் எண்ணைவிட 24 மணி நேர வளைகோடு அதிகம் பேசும். காலை 6 மணிக்குப் பிஎம் 10 மட்டும் எழும்பி விழுந்தால் பெருக்கும் நேரமா, லாரி வரும் நேரமா என்று பாருங்கள். இரவு 9 மணிக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து ஏறி விகிதமும் கூடினால் அருகில் ஏதோ எரிகிறது. காற்றின் திசையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், பிற்பகல் கடற்காற்று நுழையும் நேரத்தில் விகிதம் சரிவது உப்பின் வேலை என்று பிடிபடும்.

தவறுகள் எங்கே வரும்? பிஎம் 2.5 பிஎம் 10ஐவிட அதிகமாகத் தெரிந்தால் அந்த மணியைத் தூக்கி எறியுங்கள். அது நடக்கவே முடியாதது. இரண்டு தனித்தனிக் கருவிகளில் ஒன்றின் காற்று ஓட்டம் குறைந்திருக்கும். கருவிகள் நிமிடத்துக்கு 16.67 லிட்டர், மணிக்கு ஒரு கன மீட்டர் என்ற ஓட்டத்தை நம்பியே அளவைப் பிரிக்கின்றன. ஓட்டம் குறைந்தால் வெட்டும் எல்லையே நகர்ந்து, பெரிய துகள்கள் உள்ளே வந்துவிடும். அடுத்தது ஈரம். அரசு நிலையக் கருவிகள் காற்றைச் சூடேற்றி உலர்த்தி அளக்கும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் லேசர் சென்சார் உலர்த்தாது. விடியற்காலையில் நீர் குடித்துப் பருத்த துகளை அப்படியே மாசாகக் கணக்கிட்டு எண்ணை ஏற்றிவிடும்.

அந்தச் சென்சாருக்கு இன்னும் இரண்டு குருட்டுப் பகுதிகள் உண்டு. 0.3 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை சிதறடிக்கும் ஒளி போதாமல் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். 10 மைக்ரான் பக்கத்துத் துகள்களை அதன் சின்ன விசிறியால் உள்ளே சரியாக இழுக்க முடியாது. திரையில் தெரியும் பிஎம் 10 எண், சிறு துகள்களைப் பார்த்துப் போட்ட ஊகம். வீட்டிலேயே சோதிக்கலாம். அடுப்பை மட்டும் பற்றவைத்தால் எண் அசையாது. உலர்ந்த தரையைப் பெருக்கினால் லேசாக அசையும். கடுகு தாளித்தால் எகிறும். இந்தச் சென்சாரை வைத்து மேலே சொன்ன விகிதக் கணக்கைப் போட்டால் ஊர் முழுக்க எரிப்பு மாசு என்றே விடை வரும். அதனால் விகிதத்துக்கு நிலைய எண்களே சரி. சென்சார், அடுப்படியில் எப்போது சன்னல் திறக்கலாம் என்று பார்க்க.

தடுப்பிலும் அளவுதான் பேசும்

ஏசியின் வலை முடியையும் பருந்தூசியையும் பிடிக்கும், புகையைப் பிடிக்காது. காற்றுச் சுத்திகரிப்பானில் இருக்கும் ஹெபா வடிகட்டியையும் என்95 முகக்கவசத்தையும் 0.3 மைக்ரானில் சோதிப்பதைப் பார்த்து, ‘அதற்குக் கீழே பிடிக்காது’ என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர்மாறு. பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவு அதுவே என்பதால்தான் அங்கே சோதிக்கிறார்கள். அதைவிடச் சிறியவை துள்ளித் துள்ளி இழையில் ஒட்டிக்கொள்ளும். துணிக் கவசம் டிப்பர் லாரித் தூசிக்கு ஓரளவு உதவும், போகிப் புகைக்கு உதவாது. என்95ஐக் கன்னத்தில் இடைவெளி விட்டு மாட்டினாலும் புகை அந்த இடைவெளி வழியாகவே போகும்.

பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தால் சன்னலை மூடி, ஈரத்துணியால் துடைத்தாலே போதும். துகள் தானாகத் தரைக்கு வந்துவிடும். பக்கத்தில் குப்பை எரிந்தால் துடைப்பதால் பயன் இல்லை, வடிகட்டி வேண்டும் அல்லது தீயை அணைக்க வேண்டும்.

அளவு இவ்வளவு சொன்னாலும் ஓர் இடத்தில் நின்றுவிடும். 0.4 மைக்ரான் துகள் விறகுப் புகையா, நிலக்கரியின் சல்பேட்டா என்று அளவால் பிரிக்க முடியாது. அப்போது துகள்களைப் பிடித்துவைத்த வடிதாளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அலுமினியமும் சிலிக்கானும் மண்ணைக் காட்டும். செம்பும் ஆன்டிமனியும் பிரேக்கை. பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் வெடியை. மரம்போன்ற தாவரப் பொருளின் செல்லுலோஸ் எரிந்தால் பிறக்கும் லெவோகுளுகோசான் என்ற சர்க்கரைப் பொருள் விறகை. சோடியமும் குளோரைடும் கடலை. குளோரைடைத் தனியாகப் பார்த்துக் கடல் என்று முடிவு கட்டக்கூடாது. சோடியம் இல்லாமல் குளோரைடு மட்டும் நுண்துகளில் ஏறியிருந்தால், எங்கோ பிளாஸ்டிக் எரிந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.